கப்பல் நிற்பதற்கு முன்னால்

2014 அக்டோபர் 7-ம் தேதி காலை, வடக்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாள் காலை எட்டரை மணிக்கெல்லாம் அது 'ஹுட்ஹுட்' என்ற பெயரோடு புயலாகி, லாங் ஐலண்டு அருகே அந்தமான் தீவுகளைக் கடந்துகொண்டிருந்தது. அதன் பிறகு நான்கு நாள் வங்கக் கடலில் நகர்ந்து, வெதுவெதுப்பான நீரில் வலுவேறி, 12-ம் தேதி விசாகப்பட்டினத்தைச் சூறையாடியது. விசாகப்பட்டினத்துக்காரர்களுக்கு ஆயத்தமாக ஐந்து நாள் கிடைத்தது. லாங் ஐலண்டுக்காரர்களுக்குக் கிடைத்தது ஒரே நாள்.

அந்தமான் நிகோபாரில் புயலுக்கு ஆயத்தமாவது சென்னையிலோ கடலூரிலோ ஆயத்தமாவதைப் போன்றதல்ல என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். வங்கக் கடலின் புயல்களில் பல, அந்தமான் கடலிலும் அதை ஒட்டிய தென்கிழக்கு வங்கக் கடலிலும்தான் கருக்கொள்கின்றன. தொலைவில் பிறந்து நாள்கணக்கில் நகர்ந்து வரும் புயலைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துக் காத்திருக்கக் கரையோர மாநிலங்களால் முடியும். வீட்டு வாசலிலேயே பிறக்கும் புயலுக்கு அந்த அவகாசம் இல்லை.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. தீவுகளைக் கடக்கும்போது பெரும்பாலான புயல்கள் இளசாக இருக்கும். முழு வலுவை எட்டியிருக்காது. 2013-ல் வந்த லெஹர் புயலையே எடுத்துக்கொள்ளலாம். நவம்பர் 23-ல் தாழ்வு மண்டலமாக உருவாகி, 25-ம் தேதி போர்ட் பிளேர் அருகே கடந்தது. அதிதீவிரப் புயலாக அது உருவெடுத்ததெல்லாம் தீவுகளைத் தாண்டிப் போன பிறகுதான். ஆனாலும் மரங்கள் சாய்வதற்கும், மின்கம்பிகள் அறுவதற்கும், தகரக் கூரை பறப்பதற்கும் இளம் புயலே போதும்.

தீவுகளில் குளிர்காலம் என்றால் குளிர் கிடையாது. டிசம்பர் இரவிலும் மின்விசிறி ஓடும். ஆனால் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை, சில ஆண்டுகளில் ஜனவரியிலும், கடலும் வானமும் கொந்தளிக்கும் பருவம் அது. 2019 ஜனவரியில் தென்சீனக் கடலில் பிறந்த பாபுக் புயல், தாய்லாந்தைத் தாண்டிப் பொங்கலுக்கு முந்தைய வாரம் அந்தமானை எட்டிப் பார்த்தது. கனடாவில் வாழும் தமிழர்கள் முதல் பனி விழுவதற்கு முன்பே வண்டிக்குப் பனிக்கால டயர் மாட்டிவிடுகிறார்கள். அந்தமான் தமிழ்க் குடும்பங்களும் அதேபோல் செப்டம்பருக்குள் முடித்துவைக்க வேண்டிய வேலைகள் பல இருக்கின்றன.

ஒரு நாள் புயல், பல நாள் தனிமை

2016 டிசம்பர் முதல் வாரத்தில் ஹேவ்லாக், நீல் தீவுகளில் (இன்று அவை ஸ்வராஜ் தீவு, ஷாகித் தீவு) சுற்றுலாப் பயணிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிக்கிக்கொண்டார்கள். மழை விடாமல் கொட்டியது. பலத்த காற்றில் படகுப் போக்குவரத்து நின்றது. உதவிக்குக் கடற்படைக் கப்பல்கள் புறப்பட்டுப் போன பிறகும், கடல் அடங்கும் வரை ஆட்களை ஏற்ற முடியவில்லை. 9-ம் தேதிதான் மீட்பு வேலை சூடுபிடித்தது. அதே வானிலைதான் 'வர்தா' என்ற பெயரோடு 12-ம் தேதி சென்னையைத் தாக்கி, ஆயிரக்கணக்கான மரங்களை வேரோடு சாய்த்தது.

அந்தச் சில நாட்கள் தீவு வாழ்க்கையின் அடிப்படையை நாட்டுக்கே காட்டின. காற்று ஓய்ந்த மறுநாளே சென்னைக்குப் பால் லாரியும் காய்கறி லாரியும் வந்துவிடும். போர்ட் பிளேருக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டித்தான் வர வேண்டும். சென்னையிலிருந்து பயணிகள் கப்பல் வந்து சேரவே இரண்டரை முதல் மூன்று நாள் ஆகும். பெட்ரோலும் டீசலும் கப்பலில்தான் வருகின்றன. தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டரில் உற்பத்தியாவது. ஆக, கப்பலுக்கும் வீட்டு விளக்குக்கும் நேரடித் தொடர்பு உண்டு. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் தீவுகளுக்கு இடையிலான படகுகள் நிற்கின்றன. விமானம் தரையிறங்க முடியாமல் திரும்பிப் போகிறது.

அதனால், "புயல் எவ்வளவு பலமாக அடிக்கும்?" என்பதோடு நிறுத்தாமல், "எத்தனை நாள் துண்டிக்கப்பட்டுக் கிடப்போம்?" என்றும் தீவுக் குடும்பம் கேட்டாக வேண்டும். காற்று அடிப்பது அரை நாளோ ஒரு நாளோ. கப்பல் வராமல் இருப்பது நான்கைந்து நாள். ஹட் பே, கமோர்டா, கேம்ப்பெல் பே போன்ற தொலைதூர ஊர்களில் அது இன்னும் நீளலாம். ஆயத்தத்தை அந்த நாட்களுக்குச் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

தகரக் கூரைக்குக் கீழே

அந்தமானின் பழைய வீடுகள் பலவும் மரத்தால் ஆனவை. மேலே தகரக் கூரை. அந்தத் தேர்வுக்கு நியாயமான காரணம் உண்டு. தீவுகள் முழுவதும் நிலநடுக்க அபாயம் மிகுந்த ஐந்தாம் மண்டலத்தில் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26-ல் சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கத்தில், தீவுகளின் தென்கோடியான இந்திரா முனையின் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோனது. நிலம் குலுங்கும் ஊரில் லேசான மர வீடு உயிரைக் காக்கும். தலைமேல் விழ கான்கிரீட் இல்லை. ஆனால் புயலில் கணக்கு தலைகீழாகிறது. எடை குறைந்த கூரையைக் காற்று எளிதாகத் தூக்கிவிடும். இரண்டு ஆபத்துக்கும் ஈடுகொடுக்க ஒரே வழி, லேசான வீட்டை இறுக்கமாகக் கட்டிப்போடுவதுதான்.

கூரை எப்படிப் பறக்கிறது என்பது தெரிந்தால் எங்கே ஆணி அடிப்பது என்பதும் விளங்கும். காற்று மேலிருந்து அழுத்திக் கூரையை உடைப்பதில்லை. சரிவின் மேல் வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைந்து, விமானத்தின் இறக்கையைப் போலத் தகரம் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. இந்த இழுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது; இறவாணம், முகடு, நான்கு மூலைகள் ஆகியவற்றில்தான் கடுமையாக இருக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றில் லேசாகப் படபடத்த தகரம் 100 கிலோமீட்டரில் பிய்த்துக்கொண்டு போவதற்கு இதுவே காரணம்.

செப்டம்பரில், மழை விட்ட ஒரு நாளில் ஏணி வைத்து ஏறினால் பார்க்க வேண்டியது என்ன? முதலில் ஜே போல்ட்டுகளின் தலை. உப்புக் காற்றில் அவை துருவேறி, வாஷர் கரைந்து, போல்ட்டைச் சுற்றித் தகரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கும். போல்ட் அசையாமல் நிற்கும். ஆனால் தகரத்தைப் பிடித்திருக்காது. கீழிருந்து பார்த்தால் இது கண்ணில் படாது. அந்த இடத்தில் பெரிய வாஷரோடு புது போல்ட் போட வேண்டும். இறவாணத்திலும் மூலைகளிலும் போல்ட்டுகளை நடுக்கூரையைவிட நெருக்கமாகப் போட வேண்டும்.

அடுத்தது, கைமரம் சுவர்ச் சட்டத்தில் உட்காரும் இடம். வெறும் ஆணி மட்டும் அடித்திருந்தால் காற்று அதைப் பிடுங்கிவிடும். இரும்புப் பட்டையை வளைத்து இரண்டையும் சேர்த்து முடுக்கினால், தகரத்தை இழுக்கும் விசை கைமரம், தூண், அஸ்திவாரம் என்று கீழே இறங்கிப்போகும். கூரை மேல் கற்களையும் மணல் மூட்டைகளையும் தூக்கி வைக்கும் வழக்கத்தை நம்பக் கூடாது. பலத்த காற்றில் கல்லே பறந்து அடுத்த வீட்டுக்காரரைக் காயப்படுத்தும்.

ஜன்னலைத் திறந்துவைத்தால் காற்று ஊடே போய்விடும், கூரை தப்பிக்கும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. அது தவறு. உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்தும் தள்ளும். மேலிருந்து இழுப்பு, கீழிருந்து தள்ளல் என இரண்டும் சேர்ந்துகொள்ளும். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் தாழிட்டு, கண்ணாடிக்கு வெளியே பலகை அடிப்பதே சரி. வீட்டைச் சுற்றியுள்ள தென்னையில் காய்ந்த மட்டைகளையும் முற்றிய குலைகளையும் முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும்.

ஐந்து நாள் சரக்கு

ஒருவருக்குக் குடிக்க மட்டும் நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஐந்து நாளைக்கு 60 லிட்டர் வேண்டும். அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. சமையலுக்கும் கழுவுவதற்கும் தனியாகத் தொட்டியும் டிரம்மும். போர்ட் பிளேருக்குத் தண்ணீர் தரும் தனிக்காரி அணை நிறைந்து வழிந்தாலும், மின்சாரம் இல்லாமல் பம்பு ஓடாவிட்டால் குழாயில் சொட்டு வராது. மழை கொட்டும் ஊரில் குடிநீருக்குத் தட்டுப்பாடு வருவது இப்படித்தான்.

கிணற்றிலோ தொட்டியிலோ வெள்ளம் கலந்துவிட்டால் நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். அடுப்புக்கு வழியில்லாதபோது குளோரின் மாத்திரை கைகொடுக்கும். 0.5 கிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டர் தெளிந்த நீருக்குப் போதும். கரைத்து அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும்.

அரிசி, பருப்பு, உப்பு, புளி, எண்ணெய், கருவாடு, அவல், பொரிகடலை, பால் பவுடர் போன்றவை குளிர்பெட்டி இல்லாமலே தாங்கும். கடைசிக் கப்பல் வந்த பிறகு விலை ஏறும் வெங்காயத்தையும் உருளையையும் முன்பே வாங்கிவைத்தால் வீட்டுச் செலவும் மிச்சம். இரண்டாவது சிலிண்டர் நிரம்பி இருக்க வேண்டும்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு வாரத்துக்கானதைக் கையிருப்பாக வைத்திருப்பது அவசியம். மின்சாரம் போனால் இன்சுலின் குப்பியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஈர மணல் சூழ்ந்த மண் பானைக்குள் வைத்தால் ஓரளவு குளிர்ச்சி நிற்கும். பேறுகாலம் நெருங்கிய பெண் சிறு தீவில் இருந்தால், வானிலை கெடுவதற்கு முன்பே மருத்துவமனை உள்ள ஊரின் உறவினர் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவசர நோயாளிகளைப் போர்ட் பிளேருக்குத் தூக்கி வரும் ஹெலிகாப்டரும் புயலில் பறக்காது.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு தீவுகளில் இணையம் வேகமாகிவிட்டது. ஆனாலும் டவருக்கு மின்சாரம் நின்றால் போன் ஊமைதான். பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று வீட்டில் இருந்தால் ஆகாசவாணியில் வானிலை அறிவிப்பைக் கேட்டுக்கொள்ளலாம்.

வண்டிக்கும் ஆயத்தம்

கனடாவிலும் அமெரிக்காவின் குளிர் மாநிலங்களிலும் எல்லோருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு: பனிக்காலத்தில் டேங்க் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. நடுவழியில் பனியில் சிக்கினால் வண்டியே அடைக்கலம். இந்த விதி தீவுகளுக்கும் அப்படியே பொருந்தும். மின்சாரம் இல்லாவிட்டால் பெட்ரோல் பங்க் இயங்காது. கப்பல் வராவிட்டால் பங்கில் சரக்கே இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை டேங்கைப் பாதிக்கு மேலேயே வைத்திருப்பது நல்லது. அதற்காகப் பாட்டிலிலும் குடத்திலும் பெட்ரோலை வாங்கி வீட்டுக்குள் வைப்பது புயலைவிடப் பெரிய ஆபத்து.

போர்ட் பிளேரிலிருந்து திக்லிபூர் வரை போகும் அந்தமான் டிரங்க் ரோடுதான் முக்கியத் தீவுகளின் முதுகெலும்பு. ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி, குறித்த நேரத்தில் ஒன்றாகப் புறப்படுகின்றன. வழியில் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டியை வாகனப் படகில் ஏற்றி பாராடாங் சேர வேண்டும். காற்று பலத்தால் அந்தப் படகு நிற்கும்; காட்டுப் பாதையில் மரம் விழும்; மேட்டு மண் சரியும். அதனால் வானிலை எச்சரிக்கை இருக்கும்போது இந்தச் சாலையில் பயணம் கிளம்பக் கூடாது. கிளம்பியே தீர வேண்டும் என்றால் குடிநீர், காய்ந்த பலகாரம், டார்ச், கயிறு, போர்வை, மருந்துப் பெட்டி எல்லாம் வண்டியில் இருக்க வேண்டும்.

வண்டியைத் தென்னைக்கும் மின்கம்பத்துக்கும் அடியில் நிறுத்தாமல், கெட்டியான சுவரை ஒட்டி மேட்டில் நிறுத்துவது முதல் வேலை. 2024 அக்டோபரில் கனமழை அறிவிப்பு வந்ததுமே வேளச்சேரி மக்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். 2015-லும் 2023-லும் வெள்ளத்தில் வண்டியைப் பறிகொடுத்த ஊர், அனுபவத்தில் கற்றுக்கொண்ட பாடம் அது.

ஓடும் நீர் அரை அடி இருந்தாலே காரின் அடிப்பகுதியைத் தொட்டுவிடும். ஒரு அடி நீர் சிறிய காரை மிதக்கவைக்கும். இரண்டு அடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். ஓட்டிப் பார்க்கலாம் என்ற துணிச்சல் அங்கே உதவாது.

நின்ற இடத்திலேயே வண்டி மூழ்கிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. காற்று போகும் வழியாக நீர் சிலிண்டருக்குள் புகுந்திருக்கும். பெட்ரோல் ஆவியும் காற்றும் பிஸ்டனின் அழுத்தத்துக்குச் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. ஸ்டார்ட் செய்த அந்த நொடியில் கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் முறியும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை இன்ஜினையே மாற்றும் செலவாகிவிடும். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் கெட்டது என்றால் சாதாரண இன்சூரன்ஸ் பணம் தராது. அதற்குத் தனியாக இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் திட்டம் எடுத்திருக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கை அழைப்பதே வழி. ஸ்கூட்டருக்கும் இதே விதிதான்.

மின்சாரம் போன வீட்டில் போனுக்கு சார்ஜ் ஏற்ற பலர் காரை நாடுவார்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடக் கூடாது; ஜெனரேட்டரையும் அப்படியே. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. லெஹர் அந்தமானைக் கடந்த அடுத்த மாதம், 2013 டிசம்பர் 21-ம் தேதி இரவு, டொரண்டோவில் உறைமழை பெய்து மரக்கிளைகள் முறிந்து சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டி நச்சுப் புகைக்கு ஆளானவர்கள் பலர். தீவுகளில் குளிருக்கு அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. ஆனால் மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைத் திண்ணைக்குள் இழுத்து வைத்தால் ஆபத்து ஒன்றேதான்.

கூண்டு ஏறிய பிறகு

இந்திய வானிலை ஆய்வுத் துறை கரையோரங்களுக்குப் புயல் எச்சரிக்கையைப் படிப்படியாகத் தருகிறது: பொதுவாக 72 மணி நேரத்துக்கு முன் முன்னறிவிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் உஷார் அறிவிப்பு, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை. தீவுகளுக்கு அருகே பிறக்கும் புயலில் இந்தப் படிகள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும். ஆகையால் 'தாழ்வு மண்டலம்' என்ற சொல் காதில் விழுந்ததுமே தீவுக்காரர்கள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். பெயர் சூட்டப்படும் வரை காத்திருப்பது காலதாமதம்.

டுங்கிப் படகு வைத்திருப்பவர்கள் அதை அலை எட்டாத மேட்டுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். போன்களையும் பவர் பேங்கையும் சார்ஜ் செய்து, ஆதார், ரேஷன் அட்டை, பட்டா, பாஸ்புக், வண்டியின் ஆர்.சி. ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். வீட்டின் கூரை, சுவர், வண்டி ஆகியவற்றைப் போனில் படமெடுத்து வைப்பது பின்னால் நிவாரணத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் சான்றாகும்.

புயல் அடித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று காற்று நின்று வானம் வெளுத்தால் வெளியே ஓடக் கூடாது. புயலின் கண் கடந்துபோகும் நேரமாக அது இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பி அடிக்கும்; முதல் காற்றில் ஆட்டம் கண்ட சுவரும் மரமும் இரண்டாவது காற்றில் விழும்.

ஆள் பலத்தைப் பற்றிய ஒரு வரலாறு இந்தத் தீவுகளுக்கு உண்டு. 1891 நவம்பரில் வீசிய பெரும் புயலில் 'என்டர்பிரைஸ்' என்ற அரசுக் கப்பல் போர்ட் பிளேரின் சவுத் பாயிண்ட் அருகே பாறையில் மோதி உடைந்தது. உள்ளே இருந்தவர்களில் மிகச் சிலரே தப்பினார்கள். அந்தச் சிலரையும் அலைக்குள் இறங்கிக் கைகோத்து நின்று கரைக்கு இழுத்தவர்கள், அங்கே தண்டனை அனுபவித்துவந்த பெண் கைதிகள்.

இன்றைய தெருக்களிலும் முதல் உதவி பக்கத்து வீட்டிலிருந்துதான் வரும். 2011 கணக்கெடுப்பில் தீவுகளில் ஏழில் ஒருவருக்கு மேல் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னார்கள். வங்காளிகளும் தெலுங்கர்களும் நிகோபாரிகளும் ஒரே தெருவில் கலந்து வாழ்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே இருப்பவர்கள் யார் வீட்டு கான்கிரீட் அறைக்குப் போவது, நடக்க முடியாத பெரியவரை யார் தூக்கி வருவது, யாரிடம் ஜீப் இருக்கிறது, அதில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்று செப்டம்பரிலேயே பேசி முடித்துவைக்கலாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, எல்லா அவசரத்துக்கும் 112, கடலில் சிக்கியவர்களுக்குக் கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய மூன்று எண்களையும் சுவரில் எழுதி ஒட்டினால், போனில் சார்ஜ் தீர்ந்தாலும் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அழைக்கலாம்.